உன் அப்பா வடித்துவிட்ட தண்ணீர்

ஸ்ரீரங்கம்,
பிப்ரவரி 18

அன்புள்ள ஜெபமணி,

நேற்று இரவு போனில், "பொங்கலுக்கு நான் கொடுத்த மெக்னீசிய எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பூட்டி வை, காரணம் கடிதத்தில் வரும்" என்று சொன்னதற்கு நீ சிரித்தாய். போனில் விளக்கியிருப்பேன், ஐந்தாவது நிமிடத்தில் பேரன் அழுகிறான் என்று நழுவிவிடுவாய். உன் பேரன் அழுவதே நான் பேசும்போதுதான் என்பதைப் பல மாதங்களாகக் கவனித்து வருகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. இப்போது என் சமையலில் கிடக்கும் முடியெல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். மஞ்சுளா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை அவள் மன்னிப்பதாக இல்லை. விமலா வந்து உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். நலம் விசாரிப்பு முடிந்தது.

கார்த்திகை மாதத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கத் தொடங்கியதைச் சொல்லியிருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ காலுக்குள் கையை விட்டுத் துணி பிழிவதுபோல் இருக்கும். நான் அலற, அவர் திருடன் என்று எழுந்து டார்ச் விளக்கைத் தேட, இப்படியே வாரத்தில் மூன்று நாள். மருமகள் கேள்விப்பட்டு, மெக்னீசியம் என்ற தாதுச்சத்து குறைவுதான் காரணம் என்றாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அது காலுக்குப் போகாமல் நேரே வயிற்றுக்குப் போனது. இரண்டு நாள் நான் கொல்லைப்புறத்தை விட்டு நகரவில்லை. அதன் பிறகுதான் இந்த 'மெக்னீசிய எண்ணெய்' வந்தது. வயிற்றைத் தொடாது, தோல் வழியாகவே உள்ளே போய்விடும், காலில் தெளித்துத் தேய்த்தால் போதும் என்றாள். 250 மில்லி, 850 ரூபாய். ஐரோப்பாவில் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு என்று பாட்டிலில் அச்சடித்திருந்தது. அவ்வளவு பழைய சரக்கு என்றதும் எனக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

முதல் நான்கு நாள் அமோகம். கால் இழுக்கவில்லை. (முன்பும் இடையில் நான்கு நாள் இழுக்காமல் இருந்ததுண்டு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) அந்த உற்சாகத்தில்தான் பொங்கலுக்குத் தூத்துக்குடி வந்தபோது உனக்கும் ஒரு பாட்டில் வாங்கி வந்து, உன் மகள் எதிரில் அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். நீ சீர்வரிசை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

ஊர் திரும்பிய மறுநாளே அரிப்பு ஆரம்பித்துவிட்டது, ஜெபா.

முதலில் கொசு கடித்தாற்போல் சுருசுருவென்று இருந்தது. பிறகு எரிச்சல். தெளித்த இடம் முழுவதும் சிவந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, புடவைக் கரையெல்லாம் மாவு ஒட்டியதுபோல் ஆனது. மருமகளைக் கேட்டேன். "உடம்பில் சத்து குறைவாக இருந்தால்தான் அத்தை எரியும். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். போகப் போகச் சரியாகிவிடும்" என்றாள். பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். எரிய எரிய எனக்குத் திருப்தி. நம் விடுதி வார்டன் அம்மா விளக்கெண்ணெய் ஊற்றும்போது சொல்வாரே, அந்த வசனத்தை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன் என்றால் பார்.

இதில் நான் செய்த பைத்தியக்காரத்தனம் வேறு இருக்கிறது. மார்கழிப் பனியில் கால் தோல் வறண்டு வரிவரியாக வெடித்திருந்தது. நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று குளிக்கும்போது பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் இதைத் தெளித்தேன். இரவு முழுவதும் கழுவாமல் படுத்தேன். பதின்மூன்றாம் நாள் தூக்கத்தில் சொறிந்த சொறியில் போர்வையில் ரத்தம். அவர் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது அல்லவா, அவர்தான் முதலில் பார்த்தார். அன்றே தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

மருத்துவர் சின்னப் பெண். என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, இது எண்ணெயே இல்லை" என்றார். மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பை, தண்ணீர் தாங்குகிற மட்டும் கரைத்து வைத்தது. அடர்த்தியால் வழவழப்பாக இருக்கிறது. அதனால் எண்ணெய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் பாட்டிலில் 31 சதவீதம். கடல் தண்ணீரில் எல்லா உப்பும் சேர்த்தே மூன்றரை சதவீதம்தான். அவ்வளவு கடும் உப்பு நீர் வெடித்த தோலில் பட்டால் எரியாமல் குளிருமா? சத்துக் குறைவுக்கும் அந்த எரிச்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். சத்து நிறைந்த ஆளின் காலில் தெளித்தாலும் எரியும்.

"இந்த உப்பு எங்கிருந்து வருகிறது?" என்று சும்மா கேட்டு வைத்தேன். "பூமிக்கு அடியிலிருந்தும் எடுப்பார்கள். உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரிலும் இதுதான் நிறைய இருக்கும்" என்றார்.

அந்த நாற்காலியிலேயே நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துபோனார்.

1981 ஏப்ரல். உங்கள் அப்பா நம்மை உப்பளத்துப் பாத்திக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன நாள். கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு டிகிரி (சூடு இல்லை, தண்ணீரின் அடர்த்தி) பார்த்துக் காட்டினாரே: 25 டிகிரியில் உப்பு இறங்கத் தொடங்கும், 29 தாண்டிவிட்டால் தண்ணீர் கசந்துவிடும், அதை வடித்துவிட வேண்டும் என்று. புதுச்செருப்பு கடித்த குதிகாலோடு நான் கெத்தாக அந்த வடிகாலில்தான் இறங்கினேன். போட்ட கூச்சலில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். "அது உப்புத் தண்ணீர் இல்லை பாப்பா, உப்பு செத்த தண்ணீர்" என்று சொல்லி, உங்கள் அப்பா குடிக்க வைத்திருந்த பானையைத் தூக்கி என் காலில் ஊற்றினார். அவருக்கு அன்று மதியம் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதை நீ இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய்.

கிட்டத்தட்ட அந்தத் தண்ணீரைத்தான் நான் 850 ரூபாய் கொடுத்து வாங்கித் தேய்த்திருக்கிறேன். உங்கள் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீயே எழுது, எனக்குத் தைரியமில்லை. ஜப்பானில் இதே கசப்பு நீரை விட்டுத்தான் சோயாப் பாலைத் திரிய வைத்து டோஃபு செய்கிறார்களாம். பால் திரிகிறது என்றால் என் தோல் எம்மாத்திரம்!

வைத்தியம் சுருக்கம்தான். தெளிப்பதை நிறுத்தச் சொன்னார். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனை இல்லாத களிம்பு தடவச் சொன்னார். சிவந்த இடத்துக்கு மட்டும் ஐந்து நாளைக்கு ஒரு ஸ்டீராய்டு களிம்பு. சோப்பு, பீர்க்கங்கூடு, நகம் மூன்றும் கால் பக்கம் போகக்கூடாது. ஒரு வாரத்தில் அரிப்பு அடங்கிவிட்டது. தழும்பு இருக்கிறது.

"விடாமல் போட்டுத்தான் தீருவேன் என்பவர்கள் என்ன செய்வது?" என்று கேட்டேன். என்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, உள்ளங்கை அகலம் மட்டும் தடவி, இருபது நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், காயம், வெடிப்பு, மழித்த தோல் ஆகியவற்றின் அருகே கொண்டு போகவே கூடாது என்றார். கழுவாமல் விட்டால், தண்ணீர் வற்ற வற்ற உப்பு தோல் மேலேயே தங்கிவிடுமாம். சொல்லிவிட்டு, "ஆனால் எரிச்சல் இல்லாமல் போடுவது எப்படி என்பதைவிட, எதற்குப் போடுகிறீர்கள் என்று யோசியுங்கள்" என்றார். தோல் என்பதே வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் காக்கத்தான் இருக்கிறது. இது தோல் வழியாக வேண்டிய அளவு உள்ளே போகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2017-லேயே ஓர் ஆய்விதழில் அலசி எழுதிவிட்டார்களாம். வயதானவர்களின் கால் பிடிப்புக்கு மாத்திரையாகச் சாப்பிட்டாலுமே பெரிய பயன் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு உடனே உங்கள் அளத்துப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். நாள் முழுவதும் உப்பு நீரில் நின்றவர்கள். தோல் வழியாகச் சத்து ஏறுவதாக இருந்தால் அவர்களுக்கல்லவா ஏறியிருக்க வேண்டும்! ஏறியதாகத் தெரியவில்லை, கால் வெடித்ததுதான் எனக்குத் தெரியும்.

ரத்தத்திலும் பார்த்தார்கள். 1.9. சரியான அளவாம். உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை, பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது, அதனால் இதை வைத்தே முடிவு கட்ட முடியாது என்றும் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கு நான் வருடக்கணக்கில் விழுங்கும் மாத்திரை மெக்னீசியத்தைக் குறைக்கக் கூடியது, அதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள் என்று அனுப்பினார். இத்தனை நாளில் ஒருவரும் சொல்லாத விஷயம். கம்பு, கேழ்வரகு, கீரை, வேர்க்கடலை, எள், பூசணி விதை சாப்பிடச் சொன்னார். நம் விடுதியில் வாரம் மூன்று நாள் போட்ட கம்பங்கூழை எச்சில் தட்டில் கவிழ்த்த பாவம்!

கால் இழுத்தால், உட்கார்ந்து முழங்காலை நீட்டி, விரல்களைப் பிடித்து முகத்தை நோக்கி இழுக்கிறேன். அரை நிமிடத்தில் விட்டுவிடுகிறது. செலவில்லை.

இனிமேல்தான் இந்தக் கடிதத்தின் காரணம். சிரிக்காதே.

முந்தாநாள் மறுபரிசோதனைக்குப் போனபோது, என் தோழிக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன் என்றேன் பெருமையாக. அவருக்கு வேறு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். இருபது வருடமாகச் சர்க்கரை என்றேன். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு எரிந்தது. எரிந்து அரித்ததால்தான் கடைசியிலாவது நிறுத்தினேன். உனக்கு எரியுமா, ஜெபா? பொங்கலன்று நாம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது உன் செருப்புக்குள் சின்னக் கல் கிடந்ததே. மாலையில் கழற்றும்போதுதான் உனக்குத் தெரிந்தது. நாம் சிரித்தோம். அன்று நாம் சிரித்திருக்கக் கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் இந்தத் தண்ணீர் பட்டு வெடிப்பு புண்ணானாலும் உனக்குத் தெரியாது. தெரிகிற நாளில் அது எந்த நிலையில் இருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பெரியண்ணனை நீதானே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டாய்.

இன்னொன்று. இதற்குப் பதிலாக மாத்திரை விழுங்கலாம் என்றும் கிளம்பிவிடாதே. மிஞ்சும் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். போன வருடம் உனக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் கூடுவது) கூடியிருக்கிறது என்றாய். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுமாம். உன் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதே.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஜனவரிக் கடைசியில் நீ போன் செய்து, "உனக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டாய். அப்போது நான் களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அருமையாக இருக்கிறது" என்றேன். உன் மகள் எதிரில் அவ்வளவு பேசிவிட்டு எப்படி மாற்றிச் சொல்வது என்ற வெட்கம். மூன்று வாரம் அந்தப் பொய்யோடு இருந்துவிட்டேன். நீ அந்த மூன்று வாரமும் தேய்த்தாயா என்று நேற்றுகூட எனக்குக் கேட்க வாய் வரவில்லை. தேய்த்திருந்தால் எழுது, திட்டியே எழுது.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மகளைக் கூப்பிட்டு, நல்ல வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும், குதிகாலையும் பார்க்கச் சொல். நீயே குனிந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதாதே. உன் கண்ணாடியின் லட்சணம் எனக்குத் தெரியும். சிவப்போ கொப்புளமோ பிளவோ ஏதாவது இருந்தால் மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

பாட்டிலை யாருக்கும் தானம் செய்துவிடாதே, முக்கியமாக மேரி அக்காவுக்கு. மாப்பிள்ளை கடற்கரைப் பக்கம் போகும்போது கொடுத்தனுப்பு. கடலில் கொட்டிவிட்டு வரட்டும்.

உன் காலைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கும்,
வசந்தா

பின்குறிப்பு: மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியா அத்தை?" என்றாள். இப்போது முட்டிவலிக்கு ஏதோ காந்தப் பட்டை வரவழைத்திருக்கிறாள். உனக்கு ஒன்று வேண்டுமா?