அலெக்சாண்டர் வர்றதுக்கு முன்னாடியே காசு இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழங்காசு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, நடுவுல நம்ம நாட்டுக்கு காசு அடிக்க சொல்லிக் குடுத்ததே அலெக்சாண்டர்தான்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதோட என் காபி ஆறிப்போச்சு.

கி.மு. 326ல அந்த ஆளு தட்சசீலம் (இப்போ பாகிஸ்தான்ல இருக்கு) வந்தப்போ அங்க ராஜாவா இருந்த அம்பி (பேருதான் அம்பி, ஆளு பயங்கர காரியக்காரரு) சண்டையே போடாம 80 தாலந்து வெள்ளிய முத்திரை போட்ட காசாவே எடுத்துக் குடுத்தாருன்னு ரோமானிய எழுத்தாளர் கர்ட்டியஸ் எழுதி வச்சிருக்காரு. பைபிள்ல வர்ற எடைக் கணக்கு தாலந்துதான் சார், அந்த 80 தாலந்து கிரேக்கக் கணக்குல போட்டா ரெண்டு டன் கிட்ட வரும். வந்தவன்தான் காசு கொண்டு வந்தான்னா அவனுக்கே குடுத்த இந்த காசு எங்கருந்து வந்துச்சு? 1933ல காபூல்ல சமன் ஹசூரின்னு ஒரு இடத்துல கிடைச்ச புதையலும் அலெக்சாண்டருக்கு முந்துனதுதான், அதுல கிரேக்க காசும் காந்தார (தட்சசீலம் இருந்த வடமேற்கு நாடு) பக்கத்து முத்திரைக் காசும் ஒண்ணா கலந்து கிடந்துச்சு. பாரசீகக்காரங்கள பாத்து கத்துக்கிட்டாங்களா தானா செஞ்சாங்களான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க, அது வேற பஞ்சாயத்து.

எங்கப்பா நகைப் பட்டறைல தராசுத் தட்டுல குன்றிமணி போட்டு நிறுக்குறத பாத்து வளந்தவன் நான். கார்ஷாபணம்னு சொல்ற அந்த முத்திரை போட்ட வெள்ளிக்காசுக்கும் அதே குன்றிமணிதான் கணக்கு, 32 மணி எடை, சுமாரா மூணரை கிராம். வெள்ளித் தகட்ட துண்டு துண்டா வெட்டி, எடை கூடுனா மூலைய கத்தரிச்சு சரி பண்ணி, அப்புறம் சூரியன், மலை, மரம், யானைன்னு ஒவ்வொரு முத்திரையும் தனித்தனியா அடிச்சிருக்காங்க, அதனால ஒண்ணு சதுரமா இருக்கும் ஒண்ணு கோணலா இருக்கும், சில முத்திரை பாதி விளிம்புக்கு வெளிய போயிருக்கும். ராஜா மூஞ்சியும் கிடையாது, பேரும் கிடையாது. கிரேக்கக்காரன் செஞ்ச காசு இப்படியா இருக்கும்?

மூஞ்சியும் எழுத்தும் போட்டது அலெக்சாண்டருக்கு அப்புறமா வந்து வடமேற்குப் பக்கம் ஆண்ட இந்தோ-கிரேக்க ராஜாக்கள், அந்த பேர அவங்களுக்கு தாராளமா குடுக்கலாம். ஒரு பக்கம் கிரேக்கம் மறுபக்கம் கரோஷ்டின்னு (அந்தப் பக்கத்து பழைய எழுத்து) அவங்க அடிச்ச காச வச்சுத்தான் 1830கள்ல ஜேம்ஸ் பிரின்செப்னு ஒரு ஆங்கிலேய ஆராய்ச்சிக்காரர் கரோஷ்டி எழுத்துக்கள எப்படி படிக்கறதுன்னு கண்டுபிடிச்சாரு.

இன்னொண்ணு, கட்டுரைக்கு மேல முத்திரைக் காசுன்னு போட்டோ போட்டு அதுல ராஜா தல இருந்துச்சு! நம்ம போடிநாயக்கனூர்லயே ஆயிரத்துக்கு மேல வெள்ளி முத்திரைக் காசு ஒரே புதையலா கிடைச்சிருக்கு, பின்னாடி மீன் மாதிரி குறி இருக்கறதால பாண்டியர் காசுன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் திருத்தம் போடும்போது இந்த போடிநாயக்கனூர் காசு போட்டோவ போடுங்க சார்.

இப்படிக்கு,
தேனி மாவட்ட வாசகர்