ஒசாகா அலுவலகத்து மூத்தவருக்கு நன்றி

ஜப்பானின் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கைகொடுத்த கொள்முதல் பிரிவு மூத்தவருக்கு இந்த நன்றி. பெயர் வெளியே வருவதை அவர் விரும்பமாட்டார், அதனால் போடவில்லை.

என் திட்டம் ஒன்று கூட்டத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம், "வாங்க, நாலு பேரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று அழைத்துப் போனார். தரக் கட்டுப்பாடு, கணக்கு, தொழிற்சாலை என்று ஒவ்வொரு மேசையாக. நெமவாஷி என்பார்கள். பெரும்பாலும் இப்படி முன்கூட்டியே பேசி எடுத்த முடிவைத்தான் கூட்டத்தில் உறுதி செய்கிறார்கள். கணக்குப் பிரிவுக்காரர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார். வெளியே வந்ததும் மூத்தவர் மெதுவாகச் சொன்னார்: "அது மறுப்பு. ஆனால் முதல் தவணையை ஏப்ரலில் தொடங்கும் புது நிதியாண்டுக்குத் தள்ளினால் ஒத்துக்கொள்வார்." தள்ளினோம். அப்புறம் ஒப்புதலுக்கான ரிங்கி தாள் மேசை மேசையாகச் சுற்றி, எல்லார் முத்திரையும் விழுந்து திரும்பி வந்தது.

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்குவது, வாசலிலிருந்து தள்ளியிருக்கும் இருக்கையை விருந்தினருக்கு விடுவது, டாக்சியில் ஓட்டுநருக்குப் பின்னால் பெரியவரை உட்காரவைப்பது, இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். ஒருவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பதை மட்டும், பக்கத்தில் ஆள் இருந்து சொன்னால்தான் உண்டு. தம் வேலையை ஒதுக்கிவைத்து, வேறு பிரிவைச் சேர்ந்த எனக்கு அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மனமார்ந்த நன்றி, ஐயா.