பாடச் சான்றிதழ் வேறு, தொழில்சான்று வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்படிப்பு வழிகாட்டிக் கட்டுரைகளில், ஏபிஏ எனப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுப் படிப்பு (ஒரு நடத்தை ஏன் நிகழ்கிறது என்று அளந்து பார்த்து, அதை மாற்ற உதவும் துறை) இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ‘சான்றிதழ்’ என்ற ஒரே சொல் வாசகர்களைத் திரும்பத் திரும்பத் தடுக்கி விழவைக்கிறது. பாடங்களை முடித்ததற்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் தாளும் சான்றிதழ். தொழில் செய்யத் தகுதி உண்டு என்று வாரியம் கொடுக்கும் அங்கீகாரமும் சான்றிதழ். ‘சான்றிதழ் படிப்பு முடித்தால் நடத்தைப் பகுப்பாய்வாளர் ஆகலாம்’ என்ற வரியைப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கட்டணம் கட்டிய பிறகே வேறுபாடு புரியும். முன்னதைப் பாடச் சான்றிதழ் என்றும் பின்னதைத் தொழில்சான்று என்றும் பிரித்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். இக்கடிதத்திலும் அப்படியே எழுதுகிறோம்.

இத்துறையில் பரவலாக அறியப்பட்ட தொழில்சான்று பிசிபிஏ (வாரியச் சான்று பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர்). 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஏசிபி என்ற நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் அதை வழங்குகிறது. அதற்கு முதுநிலைப் பட்டம், வரையறுத்த பாடங்கள், மேற்பார்வையில் களப்பயிற்சி, தேர்வு ஆகிய நான்கும் வேண்டும். பாடச் சான்றிதழ் இவற்றில் இரண்டாவதை மட்டுமே நிறைவேற்றுகிறது. உளவியல், சிறப்புக் கல்வி போன்ற ஏதாவதொன்றில் ஏற்கெனவே முதுநிலை முடித்துவிட்டு, ஏபிஏ பாடங்கள் மட்டும் குறைவாக உள்ளவருக்காக ஏற்பட்ட படிப்பு அது. இளநிலைப் பட்டத்தோடு நிற்பவர் அதில் சேர இடம் கிடைத்தாலும், அதை வைத்துக்கொண்டு பிசிபிஏ தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. முதுநிலைப் பட்டத்தையும் தனியாகப் பெறவேண்டும்.

2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த விதிப்படி பாடங்கள் மொத்தம் 315 மணி நேரம். அறநெறிக்கு 45, அடிப்படைத் தத்துவத்துக்கும் கோட்பாடுகளுக்கும் 90, அளவீட்டுக்கும் சோதனை வடிவமைப்புக்கும் 45, நடத்தை மதிப்பீட்டுக்கு 45, நடத்தையை மாற்றும் முறைகளுக்கு 60, பணியாளர் மேற்பார்வைக்கு 30. மூன்று கிரெடிட் பாடம் 45 மணி நேரம் என்று கொண்டால் ஏழு பாடங்கள். ஐந்து பாடங்களோடு முடியும் படிப்பும் இதே பெயரில் விற்கப்படலாம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அது பயனுள்ளதாகவே இருக்கலாம். ஆனால் பெயரை நம்பிச் சேராமல், பாடங்கள் வாரிய விதிக்கு முழுமையாகப் பொருந்துகின்றனவா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பாடங்களில் மாணவர்கள் அலட்சியம் செய்வது அளவீடு. எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கணக்குத் தாளை வைத்தவுடன் மேசையைத் தட்டும் ஒரு சிறுவனை இருவர் பத்து நிமிடம் கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 18 முறை என்கிறார், மற்றவர் 20 என்கிறார். சிறியதைப் பெரியதால் வகுத்தால் 90 சதவீத ஒப்புமை. வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 80ஐத் தாண்டிவிட்டது. ஆனால் முதலாமவர் முதல் ஐந்து நிமிடத்தில் 15ஐயும் இரண்டாமவர் கடைசி ஐந்து நிமிடத்தில் 15ஐயும் குறித்திருந்தால்? இருவரும் பார்த்தது ஒரே தட்டல்களை அல்ல. மொத்த எண்ணிக்கை அந்த ஓட்டையை மூடிவிடுகிறது. நிமிடம் நிமிடமாகப் பிரித்து ஒப்பிட்டால்தான் வெளிவரும். ‘தட்டுதல்’ என்றால் என்ன, உள்ளங்கை படவேண்டுமா, விரல் நுனி போதுமா, தொடர்ந்து நான்கு தட்டினால் ஒன்றா நான்கா என்று முன்கூட்டியே எழுதி வைக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

அதே சிறுவனை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் வகுப்புக்கு வெளியே அனுப்புகிறார். அவர் மனதில் அது தண்டனை. ஆனால் தட்டல் குறையாமல் கூடிக்கொண்டே போனால், கணக்கிலிருந்து தப்பிக்க அது நல்ல வழியாகிவிட்டது என்றே சந்தேகிக்க வேண்டும். நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்துப் பார்க்காமல் ‘பிடிவாதம்’ என்று பெயர் வைப்பவருக்கு இது தெரியாது. தப்பிக்கும் வழியைத் திடீரென்று அடைத்தால் தட்டல் குறைவதற்கு முன் சில நாள் கூடக்கூடும். அதைச் சொல்லி வைக்காவிட்டால், மூன்றாம் நாளே ‘இது வேலைக்காகாது’ என்று ஆசிரியர் விட்டுக்கொடுப்பார். இன்னும் பலமாகத் தட்டினால் பலன் உண்டு என்று சிறுவன் கற்றுக்கொள்வான். இவற்றைப் பாடப் புத்தகத்தில் படிக்கலாம். கையில் பழக்கமாவது களப்பயிற்சியில்தான்.

அந்தக் களப்பயிற்சியைப் பற்றித்தான் வழிகாட்டிக் கட்டுரைகள் வாய் திறப்பதில்லை. சாதாரண வகையில் 2,000 மணி நேரம். மேற்பார்வை அடர்த்தியாக உள்ள வகையில் 1,500. முதல் வகையில் மாத நேரத்தில் 5 சதவீதமும் இரண்டாவதில் 10 சதவீதமும் மேற்பார்வையில் கழிய வேண்டும். மாதத்துக்கு முறையே நான்கு, ஆறு சந்திப்புகள். பயனாளியோடு வேலை செய்யும்போது மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறையாவது கவனிக்க வேண்டும். மேற்பார்வை நேரத்தில் பாதிக்கு மேல் குழுவாக நடத்தக் கூடாது. ஒரு மாதத்தில் 20 மணிக்குக் குறைந்தால் அந்த மாதம் சேராது. மாதத்துக்கான மேல்வரம்பைத் தாண்டினால் மிகுதி சேராது. ஆக எவ்வளவு ஓடினாலும் 2,000 மணியை முடிக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். மாதம் 80 மணி மட்டுமே கிடைப்பவருக்கு இரண்டு ஆண்டைத் தாண்டும். பாடங்கள் தொடங்கும் முன் செய்த வேலை எத்தனை ஆண்டானாலும் கணக்கில் வராது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. மொத்த நேரத்தில் 60 சதவீதமாவது மதிப்பீடு செய்தல், தரவுகளை வரைபடமாக்கி ஆராய்தல், திட்டம் எழுதுதல், பெற்றோருக்கும் பணியாளருக்கும் பயிற்சி தருதல் போன்ற பகுப்பாய்வாளர் வேலையாக இருக்க வேண்டும். 2,000இல் 1,200 மணி நேரம். குழந்தையோடு உட்கார்ந்து நேரடியாகப் பயிற்சி தரும் நேரம் மிச்சமுள்ள 800க்குள் அடங்க வேண்டும். நிறுவனங்களுக்கோ ஆள் தேவைப்படுவது அந்த நேரடி வேலைக்குத்தான். வாரம் முழுக்கக் குழந்தைகளோடு உழைத்துவிட்டு, ஆண்டு முடிவில் பார்த்தால் நேரடி வேலை நிரம்பி வழியும், மற்றது கால்வாசிகூட இருக்காது. வேலைக்குச் சேரும்போதே ‘வாரத்தில் எத்தனை மணி நேரம் மதிப்பீட்டுக்கும் திட்டத்துக்கும் ஒதுக்குவீர்கள்’ என்று கேட்க வேண்டும். சம்பளத்தைக் கேட்பதைவிட இதைக் கேட்பது முக்கியம் என்பது எங்கள் கருத்து.

காகித வேலையும் உண்டு. முதல் மணி நேரத்துக்கு முன்பே மேற்பார்வையாளரோடு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். மாதாந்தரப் படிவத்தில் அடுத்த மாதக் கடைசிக்குள் இருவரும் கையெழுத்திட வேண்டும். மேற்பார்வையாளர் வேலை மாறிப் போன பிறகு பழைய மாதங்களுக்குக் கையெழுத்து தேடி அலைவது வீண். அவர் மேற்பார்வைக்கான எட்டு மணி நேரப் பயிற்சி முடித்தவரா என்பதையும் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும்.

தேர்வில் 185 கேள்விகள், நான்கு மணி நேரம். மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுபவை 175. 2025 முதல் தேர்வு ஆறாம் பதிப்புப் பாடப்பட்டியலைப் பின்பற்றுவதால், பழைய குறிப்புகளை இரவல் வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

அறநெறிப் பாடத்தைச் சடங்காக நடத்தும் படிப்பைத் தவிர்ப்பது நல்லது. சிறுவயதில் ஏபிஏ பயிற்சி பெற்ற ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், தங்களைக் கீழ்ப்படிய வைப்பதே அதன் நோக்கமாக இருந்தது என்று கடுமையாக விமர்சிக்கிறார்கள். 2022இல் நடப்புக்கு வந்த அறநெறி விதித்தொகுப்பு, பயிற்சி பெறுபவரின் இசைவையும் பேசுகிறது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு என்ன பொருள், அப்போது என்ன செய்வது என்று வகுப்பில் விவாதிக்காதவர், களத்தில் அதைத் ‘தவறான நடத்தை’ என்றே குறித்து வைப்பார்.

கடைசியாக, சேருமுன் முதலில் பார்க்கவேண்டியது: 2023 ஜனவரி முதல் அமெரிக்கா, கனடா உள்ளிட்ட ஒரு சில நாடுகளில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை மட்டுமே பிஏசிபி ஏற்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் ஐபிஏஓ, க்யூஏபிஏ போன்ற அமைப்புகளின் தொழில்சான்றுகளை நாடுகிறார்கள். அவற்றின் பாட நேரமும் பயிற்சி நேரமும் வேறு. பிஏசிபி விதிகளும் 2027 ஜனவரியில் மீண்டும் மாறுகின்றன. படிப்பில் சேரும் நாளின் விதி அல்ல, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளின் விதியே பொருந்தும். அடுத்த முறை இப்படிப்புகளின் பட்டியலை வெளியிடும்போது கட்டணத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் சேர்க்க வேண்டுகிறோம்: பாட நேரம் எவ்வளவு, களப்பயிற்சிக்கு இடம் தருகிறார்களா, எந்தத் தொழில்சான்றுக்கு எந்த ஆண்டு விதிப்படி பொருந்துகிறது.

இப்படிக்கு,
நடத்தைப் பகுப்பாய்வு கற்பிப்போர் சிலர்