தலையில அடிபட்டவரு நல்லா பேசுறாரேன்னு விட்டுறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு செய்தி, பட்டர்வொர்த் பக்கம் மோட்டார்ல இருந்து விழுந்த பையன் எழுந்து உக்காந்து தண்ணி குடிச்சு எல்லார்கிட்டயும் பேசிட்டு வீட்டுக்குப் போயி ராத்திரியே இறந்துட்டான்னு. "மர்மமான முறையில்"னு வேற போட்டிருந்தீங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் பார்க்காம அந்தப் பையனுக்கு இன்னதுதான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பினாங்குல ஒரு ஆஸ்பத்திரி ஸ்கேன் ரூம்ல வேல பார்த்து ரிட்டயர் ஆனவன்ங்கிற முறையில சொல்றேன், இதுல மர்மத்துக்கு வேலையே இல்ல.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல மூணு சவ்வு இருக்கு. வெளிய இருக்கிறது டூரா, நல்ல கெட்டி, எலும்போட உள்பக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு அடியில அரக்னாய்டு, ரொம்ப மெல்லிசு. கடைசியா பயா, மூளையோட ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் இறங்கிப் படிஞ்சிருக்கும். அரக்னாய்டுக்கும் பயாவுக்கும் இடையிலதான் மூளைத் தண்டுவட நீர் இருக்கு, உடம்புல மொத்தமே 150 மில்லி சுமார்தான், ஆனா ஒரு நாளைக்கு 500 மில்லி போல சுரந்து, பழசு ரத்தத்துல கலந்து, புதுசு வந்துக்கிட்டே இருக்கும். பாசார்ல (சந்தையில) தவ்ஹூவ, அதான் சோயா கட்டிய, தண்ணி வாளியில போட்டு வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி 1,400 கிராம் மூளை இந்த நீர்ல மிதக்குறப்ப சுமார் 50 கிராம் கனம்தான் இருக்கும், இல்லன்னா சொந்த பாரத்துலயே நசுங்கிரும். இன்னொண்ணு, மூளைக்கு வலியே தெரியாது, தலைவலின்னு நாம துடிக்கிறதுல டூராவுக்கும் அங்க ஓடுற ரத்தக் குழாய்க்கும் பங்கு இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கண்ணுக்குப் பக்கவாட்டுல இருக்கிற நெத்திப் பொட்டுக்கு கொஞ்சம் பின்னால தொட்டுப் பாருங்க, மண்டை ஓடு அங்கதான் ரொம்ப மெல்லிசு, அதுக்கு நேர் உள்ள டூராவுக்கு ரத்தம் கொண்டு போற தமனி ஓடுது. அங்க எலும்பு விரிசல் விட்டா தமனி கிழிஞ்சு, ரத்தம் டூராவ எலும்புல இருந்து உரிச்சுக்கிட்டே போகும். சிலருக்கு ஆரம்பத்துல லேசா மயக்கம், அப்புறம் தெளிஞ்சு சில மணி நேரம் நல்லா இருப்பாங்க, அந்த நேரத்துலதான் சொந்தக்காரங்க கோடாலி தைலத்த தடவி "தூங்கட்டும் விடுங்க"ம்பாங்க, உள்ள ரத்தம் சேர்ந்து மூளைய அமுக்கிக்கிட்டு இருக்கும். தலைவலி ஏறிக்கிட்டே போறது, வாந்தி, எழுப்பினா சரியா எழும்பாதது, ஒரு கண்ணோட பாவை (நடுவுல இருக்கிற கருப்பு வட்டம்) மட்டும் பெருசாறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே 999க்கு அடிச்சு ஆம்புலன்ஸ்தான், கிளினிக் எப்ப திறக்கும்னு காத்திருக்கக் கூடாது.

வயசானவங்க கதை வேற. மூளை சுருங்கச் சுருங்க, மூளையில இருந்து டூராவுக்குப் போற சின்ன சிரைகள் இழுபட்டு நிக்கும், பாத்ரூம்ல லேசா இடிச்சுக்கிட்டாலே அறுந்துரும், ரத்தத்த இளக்குற மருந்து சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. டூராவுக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து வாரக் கணக்குல கழிச்சுதான் நடை தள்ளாடும், பேச்சு குழறும். வீட்டுல "ஞாஞோக் (புத்தி தடுமாற்றம்) ஆயிட்டாங்க, வயசாச்சுல்ல"ன்னு விட்டுருவாங்க. எங்க ரூம்ல எப்ப விழுந்தாங்கன்னு கேட்டா விழவே இல்லம்பாங்க, ஸ்கேன்ல பார்த்தா பழைய ரத்தம் கருத்துப் போயி ஒரு பக்கம் பூரா நிக்கும் (புது ரத்தம்னா வெள்ளையா தெரியும்), அப்புறம் மருமக யோசிச்சு "தீபாவளிக்கு முன்னால ஒரு நாள் வழுக்குச்சே"ன்னு இழுப்பாங்க. மண்டை ஓட்டுல சின்னதா ஓட்ட போட்டு அத வடிச்சதும் பழையபடி பேசி நடந்தவங்க நிறைய பேரு.

அதனால அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா, ரத்தம் எங்க கட்டிச்சுன்னு டாக்டர்கிட்ட கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்க, அந்த "மர்மமான முறையில்" வேணாம்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு