சீசன் முடியும்வரை ஒரு வேண்டுகோள்

குன்னூர்க் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நேற்று டால்பின் நோஸ் சாலையில் வெளிமாநில வேன் ஒன்றில் வந்தவர்கள் தேயிலைச் செடிகளை மிதித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா தடுத்தபோது முகத்துக்கு நேரே ரூபாய் நோட்டை நீட்டினார்கள். நம் குழுவில் பகிரப்பட்ட அந்தக் காணொளியைப் பார்த்து எனக்கும் ரத்தம் கொதித்தது. அவர்கள் உடைத்துவிட்டுப் போன பாட்டில்கள், நாளை அங்கே பறிக்கப் போகிறவர்களின் கால்களைத்தான் கிழிக்கும்.

ஆனால் அதன் கீழே ஒரு மாநிலத்தாரையே வைது எழுதிய பதிவுகளை நீக்கிவிட்டேன். நம் பிள்ளைகள் பலர் பெங்களூரில்தான் பிழைக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்து குப்பை வீசியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நம் ஊர் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகும் குடும்பங்களே அதிகம்.

காணொளியையும் இனி யாரும் பகிர வேண்டாம். அந்த அக்காவின் முகம் அதில் தெரிகிறது, அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அத்துமீறலைக் கண்டால் வண்டி எண்ணைக் குறித்து 100-க்குச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) கட்டாயம் என்பதால் வண்டியின் விவரம் பதிவில் இருக்கும். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சமவெளியிலிருந்து வரும் பலருக்குத் தெரியாது. ஹாரனை அலறவிடாமல் கையசைத்துச் சொல்லுங்கள். காட்டுமாட்டின் அருகில் செல்ஃபி எடுப்பவர்களை மட்டும் உடனே எச்சரித்து விலகச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஞாயிறு காலை 7 மணிக்குப் போகிறேன். வருகிறவர்கள் தடித்த கையுறையும் சாக்கும் கொண்டுவாருங்கள்.