அம்மா தண்ணீர் குடிக்காமல் பார்த்த கொழும்பு

கொழும்பு நகரின் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் பஸ் நிலையங்களுக்கும் கடற்கரைக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மக்கள் நடந்து திரியும் இடங்களில் உள்ள பொது மலசலகூடங்களைக் காலையிலிருந்து இரவு வரை திறந்து வையுங்கள். பக்கத்திலேயே குடிக்கக்கூடிய தண்ணீர்க் குழாய் ஒன்றையும் போடுங்கள். மாளிகை எதுவும் கட்டச் சொல்லவில்லை, இருப்பதைத் திறக்கத்தான் சொல்கிறேன். நிலைமை உங்களுக்குத் தெரியும். இதைப் பற்றி உங்கள் மேசைக்கு வந்த மனுக்களும் குறைவாக இருக்காது. அதனால் எல்லாவற்றையும் திரும்ப விளக்கப் போவதில்லை. சென்ற பாடசாலை விடுமுறையில் என் அம்மா கொழும்பு பார்க்க வந்த நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் மலையகத்தில் போகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அம்மா, அண்ணி, அண்ணன் பிள்ளைகள் இருவர் என்று நான்கு பேர் வந்தார்கள். பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும். வேளாங்கண்ணியானாலும் முருகனானாலும் அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். அறை எடுத்துத் தங்க வசதியில்லை. நான் இருப்பதோ பெண்கள் பலர் சேர்ந்து தங்கும் போர்டிங். ஆகவே விடியும்போது வந்து இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு பஸ்ஸில் திரும்புவது என்று ஏற்பாடு. மலையகத்திலிருந்தும் வவுனியா, மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வருகிற எத்தனையோ குடும்பங்கள் கொழும்பைப் பார்ப்பது இப்படித்தான்.

கையில் காசு குறைந்தவர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். அதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் நியாயமாகாது. புறக்கோட்டையில் இறங்கினால் பாதி கொழும்பு நடை தூரத்தில் இருக்கிறது. இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை நிமிர்ந்து பார்த்தபடி பிள்ளைகள் நகர மறுத்தார்கள். அடுத்து செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில். அங்கிருந்து நடந்தால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோவில், பிறகு அந்தோனியார். எங்கேயும் நுழைவுச் சீட்டு கிடையாது. காலைக்குச் சைவக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல். பகலுக்குச் சோற்றுப் பார்சல்கள் வாங்கிப் பிரித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் வயிறு நிறையும். 138 பஸ்ஸில் ஏறி நகர மண்டபத்தில் இறங்கினால் விகாரமகாதேவி பூங்காவின் மர நிழல். அதைக் கடந்து போனால் 1877இல் திறந்த நூதனசாலை. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயில் எடுத்தால், கொள்ளுப்பிட்டியைத் தாண்டிய பிறகு யன்னலுக்கு வெளியே கடல்தான். பெரிய ஹோட்டல்கள் கடற்கரை அறைக்கு வாங்கும் வாடகையில், எங்கள் தோட்டத்து லயம் ஒன்றின் வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோருமே வந்து அந்த ரயிலில் கடல் பார்த்துவிட்டுப் போகலாம். மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை, அன்னாசி அச்சாறு, பட்டம். தாமரைக் கோபுரத்தில் நாங்கள் ஏறவில்லை. 350 மீற்றர் உயரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் காசு கேட்பாரில்லை.

இவ்வளவும் இருந்தும் அம்மா அன்று பகல் முழுவதும் தண்ணீர் குடிக்கவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. சைவக் கடையில் பிளேன்டீயைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டார். தம்பிலி இளநீர் வாங்கிக் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணியிடம் நீட்டினார். வெயில் ஏறி, நெற்றியில் வியர்வை வடிந்துகொண்டிருந்தபோது போத்தலைத் திறந்து கொடுத்தேன். "வேணாம்மா, குடிச்சா அப்புறம் ஒதுங்க எடம் தேடணும்" என்றார். அண்ணியும் அதே கணக்கில்தான் இருந்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது அம்மாவுக்கு மலையில் பழகிய பழக்கம். கொழுந்து எடுக்கப் போகிற பெண்களுக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மலசலகூடம் ஏது? காலையில் மலைக்கு ஏறினால் கொழுந்து நிறுக்கும் நேரம் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. நீர்க்கடுப்பு எங்கள் லயத்தில் காய்ச்சல், தடிமன் மாதிரிச் சாதாரண வருத்தம். மலையில் அப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்த பெண், நாட்டின் மிகப் பெரிய நகரத்துக்கு ஒரு நாள் உல்லாசமாக வந்த இடத்திலும் அதே மாதிரி நாக்கு வறண்டு திரிய வேண்டுமா? இதற்குப் பதில் உங்களிடம்தான் கேட்க முடியும்.

பகல் இரண்டு மணிக்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு பொது மலசலகூடம் இருந்தது. ஆண்கள் பக்கம் திறந்திருந்தது, பெண்கள் பக்கம் பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பதாகப் பக்கத்தில் கடலை விற்றவர் சொன்னார். காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. இன்னோர் இடத்தைக் காட்டினார்கள். அந்த வெயிலில் அம்மாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனால் அங்கே கதவு திறந்திருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை, உள்ளே கால் வைக்க முடியவில்லை. கட்டணம் மட்டும் கேட்டார்கள். காசு வாங்குவது குற்றமில்லை, சுத்தமாக இருந்தால் சந்தோஷமாகக் கொடுப்போம். கடைசியில் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் சிங்கள முதலாளி எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, "அம்மே" என்று கூப்பிட்டு, சமையல்கட்டு வழியாகப் பின்பக்கம் கூட்டிப்போனார். எங்களிடம் ஒரு தேநீர் கூட வாங்கச் சொல்லவில்லை.

வெளியே வந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் செய்தது பெரிய உதவிதான். ஆனாலும் அறுபது தாண்டிய ஒரு பெண் அந்தத் தேவைக்காக ஒரு கடைக்காரரைக் கும்பிட்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. பொது மலசலகூடத்தின் கதவைத் திறந்து வையுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

மாலையில் காலிமுகத்திடலுக்குப் போனோம். அங்கே ஒரு கல்வெட்டு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதிப் பின்வரும் ஆளுநர்களின் பொறுப்பில் ஒப்படைப்பதாக அதில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அந்தப் பெண்கள் என்ற சொல்லுக்குள் கொழுந்து எடுக்கிறவள் வந்திருக்க மாட்டாள். இப்போது அந்தப் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. இப்போதாவது அவள் அதற்குள் வர வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 100 ரூபா என்று 2025இல் உச்ச விலை நிர்ணயித்தார்கள். நல்ல காரியம். அதற்கு மேல் விற்பவரைப் பிடிக்கலாம். ஆனால் கொழும்பு வெயிலில் ஆளுக்கு இரண்டு லீற்றர் வைத்தால் ஐந்து பேருக்கு 1,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக ஆனது. நாள் முழுக்கக் கூடை சுமந்து எடுத்த அந்தச் சம்பளத்தில் முக்கால்வாசி, தண்ணீருக்கு மட்டும். அதனால்தான் வீட்டிலிருந்தே மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து வந்திருந்தார்கள். பத்து மணிக்குள் பிள்ளைகள் அதைக் குடித்து முடித்துவிட்டார்கள்.

கொழும்பு குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து ஒரு பங்கு. இன்னொரு பெரிய பங்கு களனி ஆற்றிலிருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரித்து வருவது. அந்தக் களனிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கெசல்கமு ஓயா எங்கள் போகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஓடி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனியாகிறது. எங்கள் மலைகளில் பெய்த மழையைத்தான் நீங்கள் குழாயில் திறக்கிறீர்கள். அதில் ஒரு குவளை கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஆடிவேல் ஊர்வலத்தின்போது இதே வீதிகளில் தாகசாந்தி வைக்கிறார்கள். வெசாக்குக்கு மூலைக்கு மூலை தன்சல் என்ற இலவசப் பந்தல். முன்பின் தெரியாதவர்களுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுக்கிற ஊர் இது. மக்கள் வருடத்தில் சில நாட்கள் சொந்தக் காசில் செய்வதை, நிர்வாகம் எல்லா நாளும் வரிப் பணத்தில் செய்யட்டும்.

2024இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் வரட்டும், நாட்டுக்கு அது தேவை. அதே வருடம் கொழும்பு புதுக்கடைப் பகுதியில் ஒரு வெளிநாட்டவரிடம் கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபா கேட்டு மிரட்டிய காணொளி பரவியதும் பொலிஸார் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். அதுவும் சரிதான். எங்கள் ஆட்களிடம் விலைப் பட்டியல் இல்லாத கடைகளில் வாய்க்கு வந்ததைக் கேட்கும்போது காணொளி எடுக்க ஆளில்லை. மொழி தெரியாதவர்கள், ஊர் தெரியாதவர்கள், பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பஸ் நிலையத்தில் எந்தப் பக்கம் போவது என்று தமிழில் எழுதியிருப்பதில்லை, எழுதியிருந்தால் வாசிக்க முடியாதபடி பிழை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி 1987இலிருந்து எத்தனை வருடம்! ஒரு மலசலகூடத்தின் கதவில் "பெண்கள்" என்று பிழையில்லாமல் எழுதுவதற்கு இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?

மன்னியுங்கள், சொல்லச் சொல்லக் கோபம் வந்துவிடுகிறது. கேட்க வந்தது இவ்வளவையும் அல்ல. கொத்து விலையையும் பெயர்ப் பலகையையும் இன்னொரு நாள் பேசலாம்.

பூங்கா ஒருவர் பொறுப்பில், பஸ் நிலையம் இன்னொருவர் பொறுப்பில், ரயில் நிலையம் வேறொருவர் பொறுப்பில் என்று நீங்கள் சொல்லலாம். ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்கு எல்லாம் ஒரே கொழும்புதான். நீங்கள் எல்லோரும் ஒருமுறை கூடிப் பேசினால் போதும். சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்து வைக்காதீர்கள். அவரும் மனிதர், சாப்பிடப் போகத்தான் வேண்டும். அந்த நேரத்துக்கு இன்னொருவரை நியமியுங்கள். பெண்கள் பக்கத்துக்குப் பெண் பணியாளர் இருக்கட்டும், அவருக்குக் கூலி ஒழுங்காகக் கொடுங்கள். உள்ளே தண்ணீர், வாளி, மூடியுள்ள குப்பைத் தொட்டி. வெளியே குடிதண்ணீர்க் குழாய். கதவில் பூட்டிக் கிடந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண், மூன்று மொழியிலும். புறக்கோட்டை பஸ் நிலையங்கள், கோட்டை ரயில் நிலையச் சுற்று, கொச்சிக்கடை, விகாரமகாதேவி பூங்கா, காலிமுகத்திடல் என்று இந்த ஐந்து இடங்களில் முதலில் தொடங்கினாலே வெளியூரிலிருந்து வருகிறவர்களின் ஒரு நாள் சிரமமில்லாமல் போய்விடும்.

தயவுசெய்து மலசலகூடங்களைத் திறந்து வையுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அடுத்த பாடசாலை விடுமுறைக்கு முன்பாக, எது எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற அறிவித்தலைத் தமிழிலும் வெளியிடுங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதை நானே படித்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
புறக்கோட்டைப் புடவைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்