அத்தைக்கு ஒரு கடிதம்: கிளாஸ்கோ குளிர்ல துணி காயப்போடறது பத்தி

அன்புள்ள அத்தைக்கு,

மார்கழியில நீங்க இங்க வந்து இறங்கறதுக்குள்ள இத பேசிடணும்னு இருந்தேன், போன்ல ஆரம்பிச்சாலே "அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா"ன்னு சொல்லிடறீங்க, அதான் எழுதறேன். பிரசவத்துக்கு ஊர்லேர்ந்து மாமியாரையோ அம்மாவையோ வரவழைக்கற மத்தவங்களுக்கும் உதவட்டும்னு பொதுவுலயே போடறேன்.

போன தடவ நீங்க வந்தது ஜூன் மாசம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், பின்பக்கத்து புல்தரையில கொடி கட்டி துணி போட்டீங்க, சாயங்காலத்துக்குள்ள காஞ்சுது. டிசம்பர்ல அது நடக்காது. காலைல எட்டே முக்காலுக்கு விடியும், மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும், நடுவுல மழை. குழந்தையோட துணி, தூளித் துணி, துண்டு, உங்க சேலை எல்லாமே வீட்டுக்குள்ளதான் காயணும்.

லண்டன்ல உங்க தங்கச்சி மக ரேடியேட்டர் (வீட்ட சூடாக்க சுவர்ல மாட்டியிருக்கற தகடு) மேலயே துணியப் போட்டு ஜன்னலையும் சாத்தி வச்சிடறாளாம், சீக்கிரமே காஞ்சிடுதுன்னு சொன்னீங்க. காயுது அத்தை, நான் இல்லங்கல. ஆனா துணியில இருந்த தண்ணி எங்க போச்சு? ஒரு லோடு துணி மெஷின்ல சுத்தி வெளிய வரும்போதே சுமார் 2 லிட்டர் தண்ணி அதுல இருக்கும். சாத்தின வீட்டுக்குள்ள அது காஞ்சா அத்தனையும் நம்ம வீட்டு காத்துலதான் நிக்கும். அப்புறம் எங்க சில்லுன்னு இருக்கோ அங்க போய் படியும், ஐஸ் தண்ணி ஊத்தின சொம்புக்கு வெளிப்பக்கம் வேர்க்குமே அப்படி. ஜன்னல் கண்ணாடியில படிஞ்சா துடைச்சிடலாம். நம்ம வீடு பழைய மணற்கல் கட்டடம், வெளிச்சுவர் ரொம்ப குளிரும், பீரோவுக்குப் பின்னாடி படிஞ்சா நமக்குத் தெரியவே தெரியாது, கருப்பு கருப்பா பூசணம் பிடிச்ச பிறகுதான் தெரியும்.

இந்த ஊர்லயே, மெக்கின்டோஷ் கட்டடக்கலை கல்லூரிக்காரங்க 100 வீட்ட ஆராய்ச்சி பண்ணி 2012ல அறிக்கை குடுத்தாங்க. வீட்டுக்குள்ள இருக்கற ஈரத்துல 30 சதவீதம் வரைக்கும் துணி காயப்போடறதாலயே வரலாம்னு அதுல சொல்றாங்க.

நீங்க எங்கிட்ட கோச்சுக்கப் போற விஷயம் ஜன்னல். பச்சப்புள்ள இருக்கற வீட்ல, இந்தக் குளிர்ல, மழை வேற பெய்யும்போது ஜன்னலத் தொறக்கறாளேன்னு தோணும். தஞ்சாவூர்ல ஐப்பசி அடமழைல நீங்க ஜன்னல சாத்தறது ரொம்ப சரி, ஏன்னா அங்க வெளிக்காத்துல ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேலயே தண்ணி இருக்கும், தொறந்தா அது உள்ள வரும். இங்க 5 டிகிரி குளிர்ல காத்தால 7 கிராமுக்கு மேல தாங்கவே முடியாது, மழை கொட்டினாலும் அவ்வளவுதான். அதே காத்து உள்ள வந்து 20 டிகிரிக்கு சூடாச்சுன்னா 17 கிராம் வரைக்கும் தாங்கும். அதாவது வெளிய ஈரமா தெரியற காத்துதான் உள்ள வந்ததும் துணியிலேர்ந்து ஈரத்த உறிஞ்சற காத்து. ஊர்ல பழகினதுக்கு அப்படியே தலைகீழ், அதனாலதான் இத்தனை தூரம் விளக்கறேன்.

நாள் பூரா தொறக்க வேண்டாம். காலைல ஒரு பத்து நிமிஷம், ரெண்டு பக்கத்து ஜன்னலையும் நல்லாத் தொறந்தா காத்து மாறிடும், சுவரும் கட்டிலும் சூட்ட வச்சிருக்கறதால வீடு மறுபடி சீக்கிரம் சூடாகிடும். அந்த நேரம் குழந்தையும் நீங்களும் உள் ரூம்ல கதவ சாத்திட்டு இருங்க, நான் தொறந்து மூடிக்கறேன். ஜன்னல் சட்டத்துக்கு மேல சின்னதா ஒரு கீறல் மாதிரி காத்து வழி இருக்கும், குளிருதுன்னு அதுல மட்டும் துணிய அடைச்சிடாதீங்க.

அடுத்தது பிழியறது. சேலைய கைல துவைச்சு கைலயே பிழியாதீங்க, உங்க மணிக்கட்டும் வலிக்கும், தண்ணியும் நிறைய தங்கிடும். எத்தனை சூடு வச்சாலும் மெஷின் சுத்தி எடுக்கற அளவுக்கு சுலபமா தண்ணிய எடுக்க முடியாது, அந்தத் தண்ணி நேரா சாக்கடைக்குப் போயிடுது, காத்துக்கு வர்றதே இல்ல. நீங்க துவைச்சு வைங்க, ஸ்பின்ல மட்டும், நிமிஷத்துக்கு 1400 சுத்து வேகத்துல, நான் போட்டுத் தரேன். துண்டு, ஜீன்ஸ்னா ரெண்டு தடவ ஸ்பின். ஒரே நாள்ல மலை மாதிரி துவைக்காம கொஞ்சம் கொஞ்சமா துவைச்சாப் போதும்.

காயப்போட கடைசி சின்ன ரூம். அங்க ஸ்டாண்ட் இருக்கு, டீஹியுமிடிஃபையர் இருக்கு. அது காத்த உள்ள இழுத்து குளிர வச்சு தண்ணிய டப்பாவுல பிடிச்சிடும், லேசா சூடான காத்து வெளிய வரும். கதவ சாத்தியே வைக்கணும், தொறந்து வச்சா ஈரம் ஹாலுக்கும் நாம படுக்கற ரூமுக்கும் போயிடும். அது ஓடும்போது அந்த ரூம் ஜன்னலும் மூடித்தான் இருக்கணும், இல்லன்னா வெளிக்காத்தையெல்லாம் சேத்து காயவைக்கும். துணிக்கும் துணிக்கும் ரெண்டு விரல் இடைவெளி விடுங்க. சேலைய நாலா மடிக்காம ரெண்டு கம்பிக்கு மேல அகலமா போடுங்க. அந்த டீஹியுமிடிஃபையர் 200 வாட்ஸ்தான், ராத்திரி 8 மணி நேரம் ஓடினா 1.6 யூனிட், இங்கத்த விலைக்கு 40, 45 பென்ஸ் வரும். கரண்டு செலவுன்னு நிறுத்திடாதீங்க அத்தை. காலைல டப்பாவ எடுத்து ஊத்தும்போது பாருங்க, ரேடியேட்டர் மேல போட்டிருந்தா இத்தனையும் சுவருக்குப் போயிருக்கும்.

கிச்சன்ல கூரையிலேர்ந்து கப்பியும் கயிறும் போட்டு நாலு மரக்கம்பு தொங்குமே, நீங்ககூட அது என்னன்னு கேட்டீங்க. இந்த ஊர் பழைய வீடுகள்ல துணி காயப்போடத்தான் அது. கயித்த இழுத்தா மேல ஏறிடும், சூடான காத்து மேலதான் நிக்கும்ங்கறதால நல்லா காயும். நம்ம தாளிப்பு வாசனை ஏறிடும்ங்கறதால நான் துண்டு மட்டும்தான் போடறேன், அதுவும் ஜன்னலோட மேல்பாதிய கொஞ்சம் இறக்கி வச்சிட்டு.

இத்தனை பிடிவாதமா எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊர், 2020 டிசம்பர்ல அங்க அவாப் இஷாக்னு ரெண்டு வயசுப் பையன் செத்துப்போனான். வீடு முழுக்க பூசணம், அவங்க அப்பா பல தடவ புகார் குடுத்தும் வாடகைக்கு விட்ட வீட்டு நிர்வாகம் சரி பண்ணல. பூசணத்துலயே ரொம்ப நாள் இருந்ததால வந்த மூச்சுக்கோளாறுதான் காரணம்னு 2022ல விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னாங்க. அது துணியால வந்தது இல்ல, காத்தோட்டம் இல்லாத வீடு, கவனிக்காத நிர்வாகம். நம்ம வீட்ல அந்த அளவுக்கு எதுவும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா அந்தப் பையன் போட்டோவ பாத்ததுலேர்ந்து சுவர்ல கருப்பா ஒரு புள்ளி தெரிஞ்சாலும் என்னால சும்மா இருக்க முடியல.

ஹால்ல சின்னதா ஒரு மீட்டர் மாட்டியிருக்கேன், காத்துல ஈரம் எவ்வளவுன்னு காட்டும். 40லேர்ந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, அதுக்கு மேல போச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க. குழந்தையோட தொட்டில வெளிச்சுவர ஒட்டிப் போடாம உள்சுவர் பக்கம் போட்டுக்கலாம்.

சேலை நிறைய எடுத்துட்டு வராதீங்க, கனமான காட்டன் வேண்டவே வேண்டாம். தூளிக்கு மட்டும் உங்க பழைய காட்டன் சேலையில துவைச்சுத் துவைச்சு மெல்லிசா போனது ரெண்டு எடுத்துட்டு வாங்க, அது இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காது.

அன்புடன்,
உங்க மருமக